'கேன்சர் மார்க்கர்' அதிகமா இருந்தா புற்றுநோயா? ரத்தப் பரிசோதனை சொல்வதும்... சொல்லாததும்!

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் இப்போது 'கேன்சர் மார்க்கர்' டெஸ்ட்டும் சேர்ந்தே வருகிறது. சர்க்கரை, கொழுப்புக்கு ரத்தம் கொடுக்கும்போதே சிஏ 125, சிஇஏ, பிஎஸ்ஏ என வரிசையாக ரிசல்ட் கைக்கு வந்துவிடும். அதில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால், அன்று வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது?

ட்யூமர் மார்க்கர் என்றால் என்ன?

புற்றுநோய் செல்கள் வெளியிடும், அல்லது அந்நோய் இருக்கும்போது உடல் அதிகமாகச் சுரக்கும் பொருட்கள் இவை. பெரும்பாலும் புரதங்கள். சிக்கல் என்னன்னா, நல்ல செல்களும் இவற்றைச் சுரக்கும்.

புற்றுநோய் இல்லாமலே கூடுமா?

கூடும்.

* சிஏ 125: சினைப்பைக்கான மார்க்கர். மாதவிடாய், கர்ப்பம், ஃபைப்ராய்டு கட்டி, வயிற்றுக் காசநோயிலும் உயரும்.
* சிஇஏ: பெருங்குடலுக்கானது. புகைபிடிப்பவர்களுக்கு அதிகமாகவே இருக்கும்.
* பிஎஸ்ஏ: புராஸ்டேட்டுக்கானது. வயதானால் வரும் புராஸ்டேட் வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும் கூடும்.
* சிஏ 19-9: கணையத்துக்கானது. பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலும் எகிறும்.

அப்போ, நார்மல்னா நிம்மதியா?

அதுவும் இல்லை. சினைப்பைப் புற்றுநோயின் முதல் கட்டத்தில் சுமார் பாதிப் பேருக்கு சிஏ 125 உயர்வதே இல்லை. சிலருக்கு மரபுரீதியாகவே சிஏ 19-9 சுரக்காது.

2 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு

பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ 125 பார்க்கப்பட்டது. 2021இல் வெளியான முடிவின்படி, அவர்களில் நோய் சற்று முன்கூட்டியே தெரிந்தது. ஆனா உயிரிழப்பு குறையவில்லை.

பாதிப்பு வேறு பக்கத்திலும் உண்டு. சிஏ 125, ஸ்கேன் இரண்டையும் வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், புற்றுநோய் இல்லாத 1,080 பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்பட்டன.

பிறகு யாருக்குத்தான் இந்த டெஸ்ட்?

ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களுக்கு. சிகிச்சை வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க இது கைகொடுக்கும். இவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் பார்ப்பது நல்லது. லேபுக்கு லேப் முறை மாறினால் எண்ணும் மாறும்.

என்ன செய்யலாம்?

ரிப்போர்ட்டில் எண் கூடியிருந்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபரிசோதனையோ ஸ்கேனோ தேவையா என்று அவர் சொல்வார். பெரும்பாலான புற்றுநோய்களை உறுதிசெய்வது பயாப்சிதான்.

எந்த அறிகுறியும் இல்லாதவர்கள், 30 வயதைத் தாண்டியிருந்தால் வாய்ப் பரிசோதனையும், பெண்கள் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். அரசின் திட்டத்திலேயே இவை உண்டு. இதில் எதற்குமே ட்யூமர் மார்க்கர் தேவையில்லை.