ஓராண்டுத் தாழ்ப்பாள்

1976-இல் என்னைத் தறியில் உட்கார வைத்தார்கள். எனக்கு எட்டு வயது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு நெசவாளர் நாடா தள்ளுவார், மறுபக்கக் கரைக்கு ஒரு சின்னக் கை. அந்தக் கை என்னுடையது. அக்கா கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய முன்பணத்தைக் கூலியில் கழிப்பதாகப் பேச்சு. எட்டு வருஷம் கழியவே இல்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-இல்தான் வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை அதிகாரி ஒருவர் வீதிக்கு வந்தார். பிள்ளைகளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். முன்பணம் கொடுத்தவரைவிட அவர்மேல்தான் எனக்கு இன்றும் ஆற்றாமை. ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன்.

இப்படிக் கண்டும் காணாமல் போகிறவர்களையும் கேள்வி கேட்கத்தான் 1993-இல் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசு ஊழியர் செய்யும் மீறலோடு, மீறலைத் தடுக்காத அலட்சியத்தையும் இந்தச் சட்டப்படி அமையும் மனித உரிமைகள் ஆணையம் விசாரிக்கலாம். தமிழ்நாட்டு ஆணையம் 1997-இல் அமைந்தது. அதே ஆண்டு, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், கொத்தடிமை ஒழிப்பைக் கண்காணிக்கும் பொறுப்பை தேசிய ஆணையத்திடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது.

ஆனால் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆவது பிரிவைப் படித்தபோது என் வயிறு எரிந்தது. மீறல் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாதாம். எட்டு வயதுப் பிள்ளை மனு எழுதுமா? கடன்பட்ட அப்பன்தான் எழுதுவானா? நான் தறியை விட்டு இறங்கியபோது வயது 16. எனக்கு நடந்தது அநியாயம் என்று வாய்விட்டுச் சொல்ல அதன்பின் பத்து வருஷம் ஆயிற்று.

மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, அதைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் விசாரணையே தொடங்காத இடத்தில் பரிந்துரை எங்கிருந்து வரும்? 2019-இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆணையத் தலைவரின் பதவிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. ஓராண்டு வரம்பைத் தொடவில்லை.

சொத்துக்காக வழக்குப் போடும் சிறுவருக்கு, வயது வந்த பிறகே காலக்கெடு ஓடும் என்கிறது 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம். நிலத்துக்கும் வீட்டுக்கும் கிடைத்த அந்த அவகாசத்தைத் தறியில் போன பிள்ளைப்பருவத்துக்கும் தாருங்கள். 36-ஆவது பிரிவில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.