முதல் போட்டியா? தண்ணீரில் கவனம்!

நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும், பிறகு ஓட வேண்டும். இதுதான் "டிரையத்லான்" போட்டி. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. புதியவர்களுக்கு ஏற்ற குறும்போட்டியில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம்.

புதியவர்கள் விலை உயர்ந்த சைக்கிள் தேடி அலைகிறார்கள். சாதாரண சைக்கிளே போதும்! இறங்கியதும் கால் கட்டைபோல் கனக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். அமெரிக்காவில் இப்போட்டிகளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நீந்தும்போதே இறந்தார்கள். நீச்சல் குளத்தில் கெட்டிக்காரராக இருப்பவரும் கடலில் திணறுவார். அடி தெரியாது. பிறர் கால் முகத்தில் படும். துணையோடு கடலில் பழகாதவர் பெயர் கொடுக்கவே கூடாது.

மூச்சு முட்டினால் காவல் படகைப் பிடித்து இளைப்பாறலாம். விதி அதற்கு இடம் தருகிறது. பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.