‘ஊர்ல எந்தப் பக்கம்?’

செப்டம்பர் மாதம் நெருங்கினால் நம் பிள்ளைகளில் சிலர் படிப்பதற்காக விமானம் ஏறுகிறார்கள். வழியனுப்பப் போகிறவர்கள் சொல்லும் புத்திமதி எப்போதும் ஒன்றுதான்: ஸ்வெட்டர் எடுத்துக்க, ஊறுகாய் எடுத்துக்க, பாஸ்போர்ட்டைப் பத்திரமா வச்சுக்க. எங்கே தங்கப் போற, யாரோட தங்கப் போற என்று கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் நமக்கு அதுதானே தோழர்களே முதல் கேள்வி? மதுரையிலும் சென்னையிலும் வாடகை வீட்டுக்கு அலைந்து, ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற இடத்தில் நின்று திரும்பி வந்த ஜனம் நாம். அயல்நாட்டில் அந்தக் கேள்வி இருக்காது என்ற நம்பிக்கையில்தான் பாதிப் பேர் போகிறார்கள்.

அந்த நம்பிக்கை ஆதாரமில்லாதது அல்ல. 1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க்கில் போய் இறங்கியபோது வயது 22. பரோடா மன்னர் தந்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு. படிப்பு முடிந்து வந்ததும் பத்தாண்டு சமஸ்தானத்துக்கு உழைக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் ஒரு வாரம்தான் தாக்குப் பிடித்தார், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. 114ஆவது தெருவில் இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹால். அங்கே அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் நவல் பத்தேனா என்ற பார்சி மாணவர். பின்னாளில் பணமுடை வந்தபோது கை கொடுத்தவரும் இந்த பத்தேனாதான்.

ஊருக்குள் மூன்று இடம் மாறியிருக்கிறார். இன்றைக்குப் போகிற மாணவருக்கும் இது நடக்கிறதுதான். ஆனால் அந்த மூன்று இடங்களில் எங்கேயும் அவரைச் சாதி சொல்லி யாரும் வெளியேற்றவில்லை. வெளிநாட்டில் இருந்த காலத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனதிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டிருந்தது என்று ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். 1917இல் பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்பி வந்துவிட்டது. எவன் வீடு கொடுப்பான்? பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பார்சி சத்திரத்தில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு மாடிப்படி ஏறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவரும் பார்சி, பரோடாவில் தடி தூக்கியவர்களும் பார்சி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அன்றைக்கு அவர் இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், ஊருக்குப் போயிருக்கிற மனைவி நாளைக்கு வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் மதம் மாறிய பிராமணக் குடும்பம் என்பது அம்பேத்கருக்குத் தெரியும். அன்று இரவு ஒன்பது மணி ரயிலில் பம்பாய் திரும்பினார் கொலம்பியாவில் படித்த அந்த அதிகாரி.

நியூயார்க்கைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். அதே கொலம்பியாவில் 1924இல் ஃபர்னால்ட் ஹால் விடுதியில் கறுப்பின மாணவர் ஒருவர் தங்கியதற்காக வாசலில் சிலுவையைக் கொளுத்தினார்கள். சாதி தெரியாத ஊருக்கு நிறம் தெரிந்திருந்தது.

இனி இன்றைய கதை. இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போன நம் தம்பி ஒருவர் பேசினார். வெள்ளைக்காரர் வீடென்றால் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார்கள். எங்கே போய் ஜாமீன்தாரரைப் பிடிப்பது? தமிழ்ப் பையன்கள் நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு அறை காலி என்று அறிவிப்புப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். ‘வாங்க தம்பி, எந்த ஊரு?’ மாவட்டத்தைச் சொன்னார். ‘அட, நம்ம பக்கம்!’ ஒரே சந்தோஷம். ‘ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் தெருவா?’ இவர் மறைக்கவில்லை. காலனி என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், ‘ஏற்கெனவே ஒருத்தர் கேட்டிருக்காரு தம்பி, அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்.’ சொல்லவே இல்லை. அறிவிப்பு மட்டும் மேலும் இரண்டு வாரம் அப்படியே கிடந்திருக்கிறது. மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற 1917ஆம் வருஷத்துப் பதில்தான் இது, வேறொன்றுமில்லை. ‘எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தேண்ணே, ஒரே கேள்வியில என்னைக் கொண்டாந்து காலனியிலயே எறக்கி விட்டுட்டான்’ என்று சிரித்தார் தம்பி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்; நம்மால் சிரிக்க முடியவில்லை. இப்போது நைஜீரிய மாணவர் ஒருவரோடு தங்கியிருக்கிறார்.

வடநாட்டார் பெயரின் வாலைப் பார்த்துச் சாதி கண்டுபிடிப்பார்கள். நம்மவர்கள் வாலை வெட்டிவிட்டோம் என்று மார்தட்டுவார்கள். தெருவைக் கேட்டே பிடித்துவிடுவார்கள். ‘சைவம் மட்டும்’ என்ற அறிவிப்பும் பல நேரம் இந்த வேலையைத்தான் செய்கிறது.

வெளியே போய்ச் சாதியை மறைக்கிறான் என்று நம் பிள்ளைகளைக் குறை சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். பரோடாவில் அம்பேத்கரே பார்சிப் பெயரில்தான் தங்கினார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கையில் பெட்டியோடு, குளிரில், படுக்க இடமில்லாமல் நிற்கும் பிள்ளையிடம் முதல் மாதமே வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதியைப் பாகுபாட்டுத் தடைக்குள் கொண்டுவந்தன. 2023இல் சியாட்டில் நகரம் சட்டமே போட்டது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநில மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். பிரிட்டனிலோ, 2013இல் நாடாளுமன்றம் செய்யச் சொன்னதை 2018இல் அரசு கைவிட்டுவிட்டது. இவை எல்லாம் போராடியவர்கள் பெற்றதும் இழந்ததும். ஆனால் திரும்பக் கூப்பிடாத ஒருவன்மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

அங்கே அப்படியென்றால் இங்கே அரசாங்கம் செய்வது இன்னொரு கூத்து. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு நாடு முழுமைக்கும் 125 இடங்கள். 2025இல் தேர்வானவர்கள் 106 பேர். கடிதம் கிடைத்தது முதலில் 40 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஜூலையில் இப்படிச் சொன்னால் செப்டம்பரில் வகுப்பு. விசா எப்போது வாங்குவது, அறை எப்போது பிடிப்பது? கடிதம் தாமதமாக வந்தவனுக்கு விடுதியில் இடம் இருக்காது. அவன்தான் மேலே சொன்ன நாலு பேர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவன். 2022இல் இன்னொரு விதியும் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூக ஆய்வு என்று படிக்கப் போனால் பணம் கிடையாது. 1916 மே மாதம் கொலம்பியாவில் இந்தியச் சாதிகள் பற்றி அம்பேத்கர் வாசித்த கட்டுரை ஒரு மன்னரின் பணத்தில் படித்து எழுதியது. ஜனநாயக அரசின் விதிப்படி அவருக்குப் பணம் கிடைத்திருக்காது!

உதவித்தொகைக் கடிதத்தை மே மாதத்துக்குள் கொடு, முதல் தவணையைப் பயணத்துக்கு முன்பே கொடு என்று மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டும். தமிழக அரசின் அயலகக் கல்வி உதவிக்கும் இதே கோரிக்கைதான். அதுவரை நாம் சும்மா இருக்க முடியாது. ஏற்கெனவே போய் வேலையில் அமர்ந்துவிட்ட தோழர்கள் பலர். நினைவு நாளுக்கும் பிறந்த நாளுக்கும் கூட்டம் போடுகிறீர்கள், நல்லது. வீட்டுக் கூடத்தில் பத்து நாளைக்கு ஒரு பாய் போட இடம் இருக்கிறதா? வாடகை ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா? எந்த ஊர், எத்தனை பேருக்கு இடம் என்று நமக்கு எழுதுங்கள். கிளம்புகிறவர்களும் போகிற நகரத்தின் பெயரையும் தேதியையும் முன்கூட்டியே எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்துச் சொல்கிறோம்.

இந்த ஆண்டு கிளாஸ்கோ போகிற தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே யாராவது இருக்கிறீர்களா?