மலையில்லா நாட்டின் அரண்

யாப்பகூவைக் குன்றின் படிக்கட்டில் நின்று படம் எடுக்காது திரும்பிய பல்கலைக்கழக மாணவர் அரியர். ஏறத்தாழ முந்நூறு அடி உயர்ந்த பாறை. அதன் அடியில் அகழியும் மதிலும் சூழ்ந்த நகரம். கல்லிற் சமைத்த சிங்கங்கள். வியத்தற்குரியனவே. ஆயின் நமது கல்விச் சுற்றுலாக்கள் வியப்போடு நின்றுவிடுகின்றன.

அங்கிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1284இல் இறந்தான். பின்னர்ப் பஞ்சத்தால் நலிந்திருந்த நாட்டின்மீது பாண்டியர் ஏவிய படை, அந்நகரைக் கைப்பற்றித் தந்ததாதுவைக் கவர்ந்து சென்றதெனச் சூளவம்சம் கூறும். படைத்தலைவன் பெயர் ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்தை ஆண்ட மரபின் பெயரும் அதுவே. இதனை ஒருசாரார் மேடையில் வெற்றியாக முழங்குவர். பஞ்சத்தை மட்டும் மறந்துவிடுவர். மறுசாரார் சங்கடத்தோடு விழுங்கிவிடுவர். இரண்டும் வரலாறு அன்று.

இவற்றினும் கேடான கூற்று ஒன்றுண்டு. “யாழ்ப்பாணத்தில் மலையுமில்லை, கோட்டையுமில்லை, ஒல்லாந்தன் கட்டியதுதான் உண்டு” என்பது அது. கொழும்புத்துறையிற் பிறந்த மாணவனே இவ்வாறு சொல்லக் கேட்கலாம். அரணுக்கு மலை இன்றியமையாததா? நீரையும் நிலத்தையும் காட்டையும் மலையோடு ஒப்ப அரணாக எண்ணியது திருக்குறள். நல்லூர்த் தலைநகருக்குத் தெற்கே கடனீரேரியே அகழி. அதன் கரையில், கொழும்புத்துறையிலும் பண்ணைத்துறையிலும், காவலரண்கள் இருந்தன என்பர் வரலாற்றாசிரியர். ஏறிப் பார்க்க உயரம் இல்லாததால் அவை கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவே.

1619இல் போர்த்துக்கேயர் அரசை வீழ்த்தினர். 1621இல் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அக்கற்களே பறங்கியர் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. 1658இல் வந்த ஒல்லாந்தர் அக்கோட்டையைத் தம் தேவைக்கேற்ப மாற்றிப் புதுக்கினர். எனவே ‘ஒன்றுமில்லை’ என்போர், இடம்பெயர்ந்த கல்லின் முன் நின்றுகொண்டே அதனைச் சொல்கின்றனர்!

அடுத்த சுற்றுலாவும் யாப்பகூவைக்கே செல்லட்டும், தடையில்லை. அதற்கு முந்திய வாரம், நல்லூரிலிருந்து கொழும்புத்துறை இறங்குதுறைவரை மாணவர் துவிச்சக்கரவண்டியிற் சென்று வருக. ‘ப’ வடிவிலான யமுனா ஏரியை அளக்கட்டும். சங்கிலித்தோப்பு, பண்டாரவளவு என்னும் பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. வீடுகளின் பெட்டகங்களிற் கிடக்கும் பழைய உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயருண்டு. அவற்றைப் படியெடுத்து வரட்டும். பேருந்து வாடகைகூட வேண்டியதில்லை.