விலாசம் பொறித்த பாத்திரங்கள்

ஆசிரியருக்கு,

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. ஆனால் பொருளுக்கு என்ன விலை என்று சொன்ன அளவுக்கு, அதைக் காலமெல்லாம் பேணிய பெண்களைப் பற்றிச் சொல்லவில்லை.

இதை எழுதுபவரின் அப்பத்தா அப்படிப் பேணியவர். பர்மா அரக்குச் சாமான், சுவீடன் எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப்படம் என எதைக் காட்டினாலும் அது யார் வீட்டுச் சீர், எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று சொல்லிவிடுவார். பார்வை மங்கிய பிறகும், பித்தளை விளிம்பில் பொறித்த விலாசத்தை, அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகளை, விரலால் தடவியே குடும்பத்தைக் கண்டுகொள்வார். கை ஓய்ந்து இருந்ததில்லை. பனங்குருத்தைச் சன்னமாகக் கிழித்து, சாயம் தோய்த்து, கொட்டான் என்னும் கூடை முடைவார். விளிம்புக்குப் பாசிமணி கோப்பது அவருக்குத் தனி இன்பம். விசாலாட்சி ராமசாமி போன்றோர் முயற்சியால் அந்தக் கலை மீண்டெழுந்து, செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

அவர் மறைந்தபின் பாத்திரங்களைப் பங்கு பிரித்தார்கள். எந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்ற விவரம் யாரிடமும் எழுத்தில் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய இழப்பு.

1996 முதல் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டையே காணலாம். வீடுகளுக்குள் இருக்கும் பொருள்களின் வரலாற்றையோ குடும்பத்தார்தான் பதிய முடியும். இதழ்தோறும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு பொருளின் படத்தோடு ஊர், விலாசம், புழங்கியவர், பயன்பாடு ஆகியவற்றை எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேளுங்கள். பாட்டிமார் இருக்கும் வீடுகளில் இந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.

— ஒரு வாசகர், காரைக்குடி