மூச்சுக் காற்றும் உரிமையே

குடிநீர்க் கிணற்றில் ஒருவன் கழிவெண்ணெயை ஊற்றினால் ஊரே திரண்டு நியாயம் கேட்கும். நம் குழந்தைகள் மூச்சாக உள்ளிழுக்கும் காற்றில் நாள்தோறும் டீசற் புகையைக் கலப்போரை எவரும் கேட்பதில்லை. கிணறு நமக்குரியது, காற்று எவர்க்கும் உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறானது.

இலண்டன் மாநகரில் பெருவீதியொன்றின் அருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013 இல் கடுந்தொய்வு நோயினால் மாண்டாள். 2014 இல் நடந்த மரண விசாரணை வாகனப் புகையைக் கருத்திற் கொள்ளவில்லை. தாய் ஓயவில்லை. 2019 இல் மேல் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. 2020 டிசெம்பரில் முடிவுற்ற மறு விசாரணை, மாசடைந்த காற்றும் அம்மரணத்துக்குக் காரணமெனத் தீர்த்தது. அத்தீர்ப்பில் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. காற்று மாசினால் விளையும் தீங்கை அத்தாய்க்கு எவரும் எடுத்துரைக்கவில்லை; உரைத்திருந்தால், மகளைக் காத்திருக்கக்கூடிய வழிகளை அவர் நாடியிருப்பார் என்பதே அது.

ஆகவே, அறிவதே முதற் காப்பு. வாகனப் புகையின் நுண்துகள்கள் மயிரிழையின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்களவும் இல்லாதன. அவை நுரையீரலின் ஆழம்வரை செல்வன. மிக நுண்ணியவை குருதியிலும் கலப்பன. வீதியோரத்தில் மிகுந்திருக்கும் இப்புகை, விலகிச் செல்லச் செல்ல விரைந்து குறைகிறது. எனவே, பிள்ளைகளைப் பெருவீதியால் அன்றி ஒழுங்கையால் பள்ளிக்கு அனுப்புங்கள். வாகனங்கள் நெருக்கும் காலை மாலை வேளைகளில் வீதிப்புறச் சன்னல்களை மூடி, வளவுப்புறச் சன்னல்களைத் திறவுங்கள். பள்ளி வாயிலில் காத்து நிற்கையில் வண்டியின் இயந்திரத்தை நிறுத்துங்கள். உழவர் பெருமக்களே, உழவு இயந்திரத்தை வீட்டுத் திண்ணையருகே உறுமவிட்டு வைக்காதீர்கள். தொய்வுள்ள பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்போது, வீடு வீதிக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதையும் சொல்லுங்கள்.

ஆயினும், கதவடைத்து மட்டும் புகையை வெல்ல முடியாது. மிகுதிப் பொறுப்பு சட்டத்தினுடையது. இந்நாட்டில் வாகனப் புகைக்கு வரம்பு வகுக்கக் கோரி 1998 இல் சட்டத்தரணி ஒருவர் உயர் நீதிமன்றத்தின் படியேறினார். 2000 இல் அதற்கான ஒழுங்குவிதிகள் பிறந்தன. 2002 இல் ஈயங் கலந்த பெற்றோல் ஒழிந்தது. 2008 இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. கேட்போர் இருந்தால் சட்டம் அசையும் என்பதற்கு இது சான்று.

ஆனால், சான்றிதழ் பெற்ற வண்டியே கரும்புகை கக்கிச் செல்வதை இன்றும் காண்கிறோம். ஏட்டிலுள்ள சட்டம் எவர் மார்பையும் காக்காது. புகை கக்கும் வண்டியை, அது எவருடையதாயினும், வீதியிலேயே மறித்துச் சோதியுங்கள் என்கிறோம். பள்ளிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அருகே காற்றை அளந்து, அவ்வளவைத் தமிழில் நாள்தோறும் மக்களுக்கு அறிவியுங்கள் என்கிறோம்.

இது சலுகைக்கான விண்ணப்பமன்று. இலண்டன் தாய்க்கு மகளை இழந்த பின்பே உண்மை தெரிந்தது. நம் தாய்மார்க்கு அது முன்பே தெரிந்தாக வேண்டும்.