மறு லோடு இல்லாதவருக்குக் கடன் இல்லை



"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று பலகை எழுதித் தொங்கவிட்டு, அதன் அடியில் உட்கார்ந்துகொண்டே கடன் கொடுப்பவர்கள் நாம். கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் இல்லை என்பதை யாவரும் அறிவோம். மண்டிக்காரர் சில்லறைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறார். அவர் தெருவில் உள்ள குடும்பங்களுக்குக் கொடுக்கிறார். சம்பளம் வந்ததும் அந்தப் பணம் போன வழியிலேயே திரும்பி வருகிறது. மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்துவரும் நான், இந்த முறையைக் குறை கூற வரவில்லை. ஆனால் கடன் எந்த இடத்தில் பிழைக்கும், எந்த இடத்தில் சாகும் என்பதை அறுபது வயதுக்கு மேல்தான், அதுவும் கடைக்கு வெளியே நடந்த ஒரு விற்பனையில்தான் கற்றுக்கொண்டேன். வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் வைத்துப்போன பெட்டி

என் மூத்த அண்ணன் சென்னையில் உத்தியோகம் பார்த்தவர். குடியிருந்தது திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் மைதானம் நடந்துபோகும் தூரம். கிரிக்கெட் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஆட்டக்காரர்களின் கையெழுத்து, டிக்கெட்டின் அடிச்சீட்டு, ஆட்டத்தின்போது விற்கும் புத்தகம் என்று ஒரு தகரப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார்.

அதில் இரண்டு சாமான்கள் முக்கியமானவை. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்து, இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினூ மன்காட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். அந்த அணியினர் சிலர் கையெழுத்திட்ட தாள் ஒன்று, அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மூலம் அண்ணனுக்குக் கிடைத்திருந்தது. மற்றொன்று 1986 செப்டம்பரில் அதே மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஓட்டங்கள் சமமாகி வெற்றி தோல்வி இன்றி முடித்த டெஸ்ட் சம்பந்தப்பட்டது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது இரண்டே ஆட்டங்கள். முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில் நடந்தது. சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 ஓட்டம் எடுத்த ஆட்டம் அது. அப்போது வாங்கிய கையெழுத்துகளுடன் ஒரு சிறிய மட்டை அண்ணனிடம் இருந்தது.

2021-இல் அண்ணன் காலமானார். மறு வருடம் மதினி அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதை விற்றுக் கொடுங்கள். பேத்தியை நர்சிங் படிப்பில் சேர்த்திருக்கிறோம். கட்டணம் கட்ட உதவும்" என்றார்கள். ஆக, அது என் சரக்கு அல்ல. நான் வெறும் கமிஷன் இல்லாத தரகன்.

நான் செய்த தவறு

விளையாட்டுச் சாமான் விற்கும் நண்பர் ஒருவர், வெளியூர்த் தொழிலதிபர் ஒருவரை அனுப்பினார். வந்தவர் கல்லாப்பெட்டி அருகில் உட்கார்ந்து 1986 ஆட்டத்தின் கடைசி ஓவரை, நேரில் பார்த்தவர்போல் விவரித்தார். அண்ணனே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. ரூ.1,80,000 என்று விலை பேசி முடித்தோம். முன்பணமாக ரூ.20,000 கொடுத்தார். பாக்கி ரூ.1,60,000-க்கு இரண்டு மாதம் தள்ளித் தேதியிட்டு ஒரு செக் எழுதினார். "அண்ணாச்சி, இதெல்லாம் காசுக்கு வாங்குகிற சாமானா? பொக்கிஷம் அல்லவா?" என்றார். பெட்டியை அவர் காரில் நானே தூக்கி வைத்தேன்.

அவர் போனதும் எங்கள் கணக்குப்பிள்ளை ஒன்று கேட்டார். "முதலாளி, புது ஆளுக்கு நாலு மூட்டை துவரம்பருப்பை இப்படிக் கொடுத்திருப்பீர்களா?" கொடுத்திருக்கமாட்டேன். புதிதாக வரும் கடைக்காரர் யார், எந்த மண்டியில் வாங்கினார், ஏன் அங்கே விட்டார் என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் ஒரு சிப்பம்கூடக் கடனில் வெளியே போகாது. முதல் மூன்று லோடு ரொக்கம். அதன் பிறகே கணக்கு. இவ்வளவு கட்டுப்பாடு உள்ள நான் அன்றைக்குப் பில் போடவில்லை. பெட்டியில் என்னென்ன இருந்தன என்று ஒரு பட்டியல்கூட எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்ற பழமொழியை எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான்.

2023 பிப்ரவரியில் செக் கணக்கில் பணம் இல்லை என்று திரும்பியது. போன் செய்தேன். "மார்ச் கடைசியில் போடுங்கள்" என்றார். போட்டேன். மீண்டும் திரும்பியது. பிறகு புதுக் கதை ஆரம்பித்தது. தாளில் உள்ள கையெழுத்து ஒன்றின் மேல் தெரிந்தவர் சந்தேகம் சொல்கிறாராம். "அப்படியானால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள், முன்பணத்தைத் தருகிறேன்" என்றேன். அதற்கும் பதில் இல்லை. பணமும் இல்லை, சாமானும் இல்லை. கடைசியில், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதானே எடுத்துவந்தேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

சட்டம் இருந்தது, கெடுதான் போயிற்று

ஜூன் மாதம் வக்கீலைப் பார்த்தேன். அவர் செக்கின் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். நம்மில் பலருக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

செக் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். முன்பு ஆறு மாதம் இருந்ததை 2012 ஏப்ரல் முதல் குறைத்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வங்கியில் போடலாம். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவேண்டும். செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறையோ, செக் தொகையைப்போல் இரு மடங்குவரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2018-இல் வந்த திருத்தத்தின்படி, வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இத்தனையும் எனக்குக் கிடைத்திருக்கும். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்ற பேச்சை நம்பி நான் 30 நாளைக் கோட்டைவிட்டேன். செக்கின் மூன்று மாதமும் போனது. வசூலுக்குப் போகும்போது வாய்தா சொல்கிறவர், பல நேரங்களில் காலண்டரைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார்.

மிச்சம் இருந்தது உரிமையியல் வழக்கு ஒன்றுதான். விற்ற சரக்கின் பணத்துக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. கடன் கெடு பேசியிருந்தால் கெடு முடிந்த நாளிலிருந்தும், பேசாவிட்டால் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்தும் கணக்கு. அந்த மூன்று ஆண்டுக்குள், "இவ்வளவு பாக்கி உள்ளது" என்று அவர் கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். நம் கடைகளில் வருடம் ஒருமுறை பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கும் பழைய வழக்கத்தின் அருமை இதுதான். அதைக் கம்ப்யூட்டர் வந்ததும் பலர் விட்டுவிட்டார்கள். அச்சடித்த பாக்கிப் பட்டியல் நாம் சொல்வது. கையெழுத்துதான் அவர் சொல்வது.

"பார்த்துச் சொல்கிறேன்" என்று எடுத்துப்போன சரக்குக்கும் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் வழி சொல்கிறது. கெடு வைத்திருந்தால் கெடு கழிந்தும், இல்லையென்றால் நியாயமான காலம் கழிந்தும், வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டவர் வாங்கியவராகவே கருதப்படுவார். ஆக, எப்படிப் பார்த்தாலும் அவர் பணம் தரவேண்டியவர்தான். ஆனால் என்ன கொடுத்தேன், எந்த நிலையில் கொடுத்தேன் என்பதற்கு என் கையில் எழுத்து இல்லை. கடன் பேசாமல் விற்ற சரக்கைப் பணம் வரும்வரை கையில் வைத்துக்கொள்ளும் உரிமையும் விற்றவருக்கு அதே சட்டத்தில் உண்டு. நான் காரில் தூக்கி வைத்தபோது அதையும் சேர்த்தே தூக்கி வைத்துவிட்டேன்.

அவர் ஊரில் உள்ள வணிகப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு மூன்று முறை போய், ரூ.35,000 வசூலித்தேன். மீதி ரூ.1,25,000-க்கு அந்தப் பெரியவர் முன்னிலையில் எழுதி வாங்கியிருக்கிறேன். அதை வைத்து வழக்குப் போட்டிருக்கிறோம்.

மதினியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "தம்பி, அவர் பணம் அனுப்பினாரா?" என்று ஒருமுறை கேட்டார்கள். "வந்துவிட்டது" என்று சொல்லி என் கணக்கிலிருந்து முழுத்தொகையையும் கொடுத்தேன். பேரேட்டில் என் பெயரில் பற்று எழுதினேன். பேத்தி படிக்கிறாள். அதில் குறை வரவில்லை. ஆனால் அண்ணன் ஆசையாய்ச் சேர்த்த தாள் இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாது. அதற்குப் பேரேட்டில் இடம் இல்லை.

கடனுக்கு ஜாமீன் எது?

இத்தனை வருடம் எனக்கு ஏன் பணம் வசூலாயிற்று என்று யோசித்தேன். நான் ஆளைக் கணிப்பதில் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. எனக்கு வரவேண்டிய பாக்கிக்கு ஜாமீன், கடைக்காரர் அடுத்த வாரமும் என்னிடம் சரக்கு எடுத்தாகவேண்டும் என்பதுதான். பழைய பாக்கி தீராமல் மறு லோடு ஏறாது. அந்த ஒரு பூட்டுத்தான் நம் தொழிலைக் காப்பாற்றுகிறது. 1952-ஆம் வருடத் தாளுக்கு மறு லோடு கிடையாது. வாங்கியவர் மறுபடி என் கடைப்படி ஏறவேண்டிய அவசியமே இல்லை. பூட்டு இல்லாத கதவுக்கு நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி ஆடிய மட்டை லண்டனில் ஏலத்தில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. 2020-இல் ஷேன் வார்னின் தொப்பி 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. அப்படிப்பட்ட சாமான்களை ஏலக் கம்பெனிகள் பணம் முழுதும் வந்தபின்பே கையைவிட்டு விடுவது வழக்கம். அபூர்வமான பொருள் என்றால் ரொக்கம் என்பதே அந்தத் தொழிலின் முறை. பொக்கிஷம் என்று புகழ்ந்தவரிடம், பொக்கிஷத்துக்குரிய முறையில் நான் விற்கவில்லை.

நமக்கென்ன, நாம் விற்பது பருப்பும் புளியும்தானே என்று நினைக்கவேண்டாம். நம் கடையிலும் மறு லோடு இல்லாத விற்பனைகள் உண்டு. வெளியூர்க் கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்கும் சமையல் காண்டிராக்டர், திருவிழா அன்னதானத்துக்கு வாங்கும் குழு, இரண்டு மாதத்துக்குக் கடை போடும் பொருட்காட்சிக்காரர், இவர்களெல்லாம் ஒருமுறை வருபவர்கள். இவர்களைவிடக் கவனிக்கவேண்டியவர் ஒருவர் உண்டு. நம்மிடம் பாக்கி வைத்துவிட்டு, சீரகம், மிளகு போன்ற சில்லறைச் சாமான்களை முதலில் வேறு கடையில் ரொக்கத்துக்கு வாங்க ஆரம்பிக்கும் பழைய வாடிக்கையாளர். அவர் கணக்கு நம் பேரேட்டில் இருந்தாலும், அவருக்கும் மறு லோடு இல்லை. அன்றே போய்ப் பாக்கிக்குக் கையெழுத்து வாங்குவது நல்லது.

ஆகவே, "கடனே கொடுக்காதே" என்று கூறும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. அப்படிச் செய்தால் நம்மை நம்பிக் கடை திறந்த சிறு வியாபாரிதான் முதலில் மூடுவார். ஆளின் பேச்சை, காரை, சட்டையைப் பார்த்துக் கடன் கொடுப்பதைத்தான் நிறுத்தவேண்டும் என்கிறேன். நாளையும் நம்மிடம் வந்தே தீரவேண்டியவர் அழுக்கு வேட்டியில் வந்தாலும் கடன் கொடுப்போம். ஒருமுறை வருபவர் நம் அண்ணனைப்போலவே பேசினாலும் பணத்தை எண்ணி வாங்கியபின் சரக்கைத் தூக்குவோம்.

எங்கள் கணக்குப்பிள்ளை அன்று கேட்ட கேள்வியை நான் இப்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடையிலும் அப்படிக் கேட்க ஒருவர் இருந்தால், அவர் வாயை அடைக்காதீர்கள்.